காய்ந்த கண்மாயில் கிடந்த கரடு

மேலக்கரடுபட்டிக் கண்மாயில் தண்ணீர் வற்றி, மீன்பிடித் திருவிழா முடிந்து, கடைசிச் சேறும் காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகும், மேற்கே பாறைக் குன்றாக நிற்கும் கூம்புக் கரட்டின் பிம்பம் மட்டும் போகாமல் தரையிலேயே தலைகீழாகக் கிடந்தது. முதலில் பார்த்தது ஆடுகள். அவை கரையிலிருந்து இறங்கி, கரட்டின் உச்சி கிடந்த இடத்தில் கொஞ்சம் தயங்கி, முகர்ந்து பார்த்துவிட்டு, அதன் மேலேயே நடந்து போய் அந்தப் பக்கம் மேய்ந்தன. ஆடுகளே ஒன்றும் சொல்லாதபோது ஆட்கள் சொல்ல என்ன இருக்கிறது?

கரடு மட்டுமா, அதன் அடிவாரத்துப் பனைகள் ஏழும் கிடந்தன, பனைகளுக்கு மேல் போகும் மேகமும் வெடித்த களிமண்ணில் மெதுவாக ஊர்ந்து போனது, சாயங்காலமானால் அந்தக் களிமண் சிவந்து, பிறகு ஊதாவாகி, பிறகு ஊரோடு சேர்ந்து இருட்டியது. விறகுக்குப் போகும் பொம்பளைகள் அந்த இடம் வந்ததும் யாரும் சொல்லாமலே சேலையைக் கணுக்கால் வரைக்கும் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடந்தார்கள், அந்தப் பக்கம் ஏறியதும் காலை உதறிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். கொக்குகள் பழக்கதோஷத்தில் வந்து ஒற்றைக் காலில் நின்று பசியோடு திரும்பின. கண்மாய்ச் சங்கத் தலைவர் வீரணன், எழுபது வயதுக்காரர், எதற்கும் பதறாத மனிதர், கரையில் நின்று பார்த்துவிட்டு, "மேல கரடு நிக்கிற வரைக்கும் கீழ நிழலு கிடக்கத்தான் செய்யும், அது அதோட சௌகரியம்," என்று சொல்லிவிட்டு வெற்றிலையைத் துப்பினார். ஊரும் அதோடு விட்டுவிட்டது.

விடாதவன் ஒருத்தன் இருந்தான். அவன் தவசி.

பஸ் நிறுத்தத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவன். பாஸ்போர்ட் சைஸ், காதுகுத்து, சடங்கு, கல்யாணம், எழவு எல்லாம் எடுப்பான், எடுத்துத்தான் பிழைப்பு. ஆனால் அவன் படம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டது இதையெல்லாம் இல்லை. பத்தொன்பது வருசமாகத் தினமும் விடியலில் கிழக்குக் கரையில் போய் முக்காலியை ஊன்றி, சூரியன் முதுகுப்பக்கம் ஏற ஏற எதிரே கரடு பொன்னாகி, அதே பொன் தண்ணீருக்குள்ளும் தலைகீழாக இறங்கும் அந்த ஐந்து நிமிடத்துக்காகக் காத்திருந்து, ஒரே ஒரு படம் எடுப்பான். கரடும் தண்ணீரும் சேர்கிற கோடு படத்தின் நட்டநடுவில் வர வேண்டும், ஒரு நூல் ஏறக் கூடாது, ஒரு நூல் இறங்கக் கூடாது. அப்படி எடுத்ததில் ஒன்றைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டியிருந்தான், கண்மாய்க்குள் ஒரு கொக்கு தண்ணீரை ஒட்டிப் பறக்கும் படம். ரெண்டு வருசத்துக்கு முந்தி ஒரு நாள் அதை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டிப் பார்த்தான். வருகிறவர் போகிறவர் எல்லாரும் அதற்கு எதிரே உட்கார்ந்து தலை சீவிக்கொண்டார்கள், ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. அவனுக்கு அதில் ஒரு கர்வம்.

அப்பேர்ப்பட்டவனுக்குக் காய்ந்த கண்மாயில் பிம்பம் கிடைத்தால் விடுவானா? காற்றடித்தால் கலையாது, மீன் துள்ளினால் உடையாது. "இப்படி ஒரு பிம்பம் ஒலகத்துல எவனுக்கும் வாய்ச்சிருக்காது," என்று பெண்டாட்டி ஒச்சம்மாவிடம் சொன்னான். ஒச்சம்மா கண்மாய்க்குக் கீழே அரை ஏக்கர் நெல் போட்டிருந்தாள். வீட்டுக்கு வருசத்துச் சோறு அதுதான். "நெல்லு பால் பிடிச்சு நிக்குது. ஒரு தண்ணி இல்லாமப் பதராப் போகப்போகுது. நீ நிழலைக் கட்டிக்கிட்டு அழு," என்றாள்.

ஊருக்கே அந்த ஒரு தண்ணிதான் கவலை. பெரிய வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள், வறண்ட கண்மாய்களுக்கு முதல் முறை. அதற்குப் பாசன அலுவலகத்தில் மனுக் கொடுக்க வேண்டும், மனுவோடு கண்மாய் இப்போது இருக்கிற நிலைமையைக் காட்டும் படம் ஒன்று வைக்க வேண்டும். வீரணன் நேராக ஸ்டுடியோவுக்கு வந்தார். "தம்பி, கண்மாயை ஒரு போட்டோ பிடிச்சுக் குடு. காய்ஞ்சு கிடக்குறது தெரியணும், அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான் வேலை. வேறு எவனாக இருந்தாலும் கரையில் நின்று, செல்போனில் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டி, வெடிப்பையும் செத்த நத்தையையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். தவசி விடியலில் போனான். கரையிலிருந்து இறங்கி, தரையோடு தரையாகக் குப்புறப்படுத்து, வெடிப்பெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி மறைந்துபோகும் அளவுக்குத் தாழ்த்தி, பொன் ஏறும் வரைக்கும் மூச்சைப் பிடித்திருந்து, கோட்டை நட்டநடுவில் வைத்து எடுத்தான். எடுக்கும்போது மனுவைப் பற்றியோ நெல்லைப் பற்றியோ அவனுக்கு ஞாபகமே இல்லை. வாழ்நாளில் எடுத்ததிலேயே நல்ல படம் அது. வீரணனுக்குக் கண்ணாடி போட்டாலும் சரியாகத் தெரியாது, உறையில் போட்டு ஒட்டி அனுப்பிவிட்டார்.

நாலாம் நாள் பதில் வந்தது. "தங்கள் கண்மாய் முழுக் கொள்ளளவில் உள்ளதால் முறைத்தண்ணீர் தேவைப்படவில்லை. உங்கள் முறை செங்கட்டாம்பட்டிக்கு மாற்றப்படுகிறது. படம் மிக நன்றாக உள்ளது. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கிறோம்."

யாரும் கூச்சல் போடவில்லை, அதுதான் தவசிக்குத் தாங்க முடியவில்லை. வீரணன் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, "ஏம்ப்பா, காய்ஞ்ச கண்மாயைக் காட்டுடான்னா கல்யாணப் பொண்ணாட்டம் சிங்காரிச்சுல்ல காட்டியிருக்க? ஊர் வாயில மண்ணை அள்ளிப் போட்டுட்டியேப்பா," என்று மட்டும் சொன்னார்.

சரி, பிம்பத்தைக் கலைத்துவிட்டு வேறு படம் அனுப்பலாம் என்று டிராக்டரை இறக்கிக் கண்மாயைக் குறுக்கும் நெடுக்கும் உழுதார்கள். பிம்பம் எங்கேயும் போகவில்லை, உழுத சாலில் எல்லாம் வளைந்து நெளிந்து படிந்துகொண்டது. அதைப் படம் எடுத்து அனுப்ப, "காற்றில் நீர் அலையடிப்பது அருமையாக உள்ளது," என்று பதில் வந்தது. வீரணன் ஆளைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்று போய்ப் பாசனப் பொறியாளரையே ஜீப்பில் கூட்டி வந்தார். நல்ல மனிதர், நவநீதன் என்று பெயர். கரையில் ஏறியதும் கையைக் கட்டிக்கொண்டு, "அடடா, நேர்ல பார்க்க இன்னும் நல்லா இருக்குங்க," என்றார்.

"தண்ணி இல்லைங்க சார். வெறும் நிழலு."

"தண்ணி இல்லாம நிழல் எப்படிங்க விழும்?"

"அது எங்களுக்குத் தெரியாதுங்க. நீங்க இறங்கி நடந்து பாருங்க."

நவநீதன் ஒரு எட்டு பின்னால் வைத்தார். "எனக்கு நீச்சல் தெரியாதுங்க," என்றார்.

நாலு பேர் இறங்கி நடந்து காட்டினார்கள், அவரவர் பாதத்துக்குக் கீழே அவரவரே தலைகீழாக நடந்தார்கள். நவநீதன் பதறிப்போய், "ஐயா, ஆழத்துக்குப் போகாதீங்க, எனக்காக உயிரைப் பணயம் வைக்காதீங்க," என்று கத்தி, அவர்கள் கரையேறிய பிறகுதான் ஜீப்பில் ஏறினார். அந்த ஆளை எப்படிக் கோபித்துக்கொள்வது?

இதற்குள் நெல்லுக்கு மிச்சம் எட்டு நாள்தான் என்று ஆகிவிட்டது. ஒச்சம்மா ரெண்டு நாளாகத் தவசியிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் விடியலில் அவன் சத்தமில்லாமல் காமிராப் பையை எடுத்தபோது, பாயில் படுத்தபடியே பேசினாள்.

"வீட்டுக்கு வந்த விருந்தாளியைத் தினமும் வாசல்ல நின்னு, உக்காருங்க உக்காருங்கன்னா, அவன் எப்படிய்யா கிளம்புவான்?"

"யாரைச் சொல்ற?"

"அதைத்தான். பத்தொம்பது வருசமா நீ போய் எதிர்ல நிக்கிற. தண்ணி போயிருச்சு, மீனு போயிருச்சு, அது போகலாம்னு பார்த்தா நீ விடிஞ்சதும் வந்து நிக்கிற. அதுவும் மரியாதை தெரிஞ்சதுதானே, எப்படிப் போகும்?"

தவசி பையைக் கீழே வைத்தான். அன்றைக்கே அதை வீரணனிடம் போய்ச் சொன்னான். வீரணன் கொஞ்சமும் யோசிக்காமல், "அதுவும் நியாயந்தான்," என்றார்.

சாயங்காலம் ஊர் கூடி முடிவானது. நிழல் கிளம்பிப் போகும் வரைக்கும் மேலக்கரடுபட்டியில் ஒருத்தரும் கண்மாய்ப் பக்கம் பார்க்கக் கூடாது. மறுநாளிலிருந்து டீக்கடை பெஞ்சுகள் மறுபக்கம் திரும்பின, விறகுக்குப் போகிறவர்கள் சுற்றுவழியில் போனார்கள், வயலுக்குப் போகிறவர்கள் கரையைத் தாண்டும் வரைக்கும் தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்கள், காலை பஸ் கண்டக்டர் ஊர் எல்லையிலேயே, "வலப்பக்கம் உக்காந்திருக்கவங்க எல்லாம் டிக்கெட்டைப் பாருங்க, டிக்கெட்டைப் பாருங்க," என்று சத்தம் கொடுத்துக்கொண்டே வந்தார், அய்யனார் கோயில் மண்குதிரைகள் ரெண்டும் காலங்காலமாகக் கண்மாயைப் பார்த்தே நிற்பவை என்பதால் பூசாரி அய்யனாரிடம் உத்தரவு கேட்டு, அவற்றின் கண்ணில் ஆளுக்கொரு சிவப்புத் துண்டைக் கட்டிவிட்டார். கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்க டவுனிலிருந்து கார் போட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். நாய்களுக்குச் சொல்ல முடியவில்லை, ஆனால் நாய்கள் பார்ப்பதை எந்தக் கரடும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது என்று வீரணன் சொல்லிவிட்டார்.

எல்லாருக்கும் முடிந்தது. தவசிக்குத்தான் உயிர் போனது. விடியலில் ஐந்து மணிக்கு உடம்பு தானாக எழுந்துகொண்டது. அவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, வெளிச்சம் வெளுப்பதைக் காதிலேயே கேட்டான், முதலில் கரிச்சான் குருவி, அப்புறம் பால்காரர் மணி, அப்புறம் பஸ். இந்நேரம் பொன் ஏறியிருக்கும். இந்நேரம் பாதி இறங்கியிருக்கும். ஐந்து நாள் பல்லைக் கடித்தான். ஆறாம் நாள் ஜன்னலில் பனி மூட்டம் தெரிந்தது. வருசத்தில் ஒரு நாளோ ரெண்டு நாளோதான் கரட்டின் அடியில் அப்படிப் பனி கட்டும், மேலே ஒரு கரடும் கீழே ஒரு கரடும் நடுவில் ஒரு வெள்ளைக் கோடுமாக நிற்கும். தவசி பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டான். தப்பு என்று தெரிந்தேதான் கிளம்பினான், சும்மா சொல்லக் கூடாது.

கிழக்குக் கரையில், அவன் முக்காலி ஊன்றும் அதே இடத்தில், ஒச்சம்மா கண்மாய்க்கு முதுகைக் காட்டிக்கொண்டு, முக்காடு போட்டு நின்றாள்.

"நீ எப்ப வந்த?"

"உன்னைத் தெரியாதா எனக்கு? பனியைப் பார்த்ததும் வந்துட்டேன். இங்கிட்டுத் திரும்பி நில்லு."

அவன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு ஏறி, அவள் பக்கத்தில், அவள் பார்க்கும் திசையைப் பார்த்து நின்றான். பத்தொன்பது வருசமாக அதே இடத்தில் நின்றிருக்கிறான், அந்தப் பக்கம் திரும்பியதே இல்லை. கீழே வயல் கிடந்தது. நுனி கருகத் தொடங்கிய நெல். ஒச்சம்மாவின் அரை ஏக்கர் மூலையில், குடத்தில் தண்ணீர் தூக்கி வந்து ஊற்றிய ஒரு திட்டு மட்டும் பச்சையாக இருந்தது. குடத்து நீரில் அரை ஏக்கரா நனையும்? அவள் அதைச் சொல்லவே இல்லை, அவனும் கேட்டிருக்கவில்லை.

"அதுல அப்படி என்னய்யா இருக்கு?" என்றாள் ஒச்சம்மா. சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே கேட்டாள். "கரடு மேலயும் நிக்குது, கீழயும் கிடக்குது. ஒண்ணைப் பார்த்தாப் பத்தாதா?"

தவசியிடம் இதை யாரும் கேட்டதில்லை.

"ரெண்டும் ஒண்ணு இல்ல ஒச்சம்மா. கீழ இருக்கறது ஒரு பொட்டு கருப்பா இருக்கும். மேல பாறையோட நெத்தி தெரிஞ்சா, கீழ தாடை தெரியும். அந்த ரெண்டும் வந்து சேர்ற கோட்டை நடுவுல வெச்சுட்டு நிக்கிறப்ப, எதுவும் மிச்சமும் இல்ல, எதுவும் குறையும் இல்லன்னு இருக்கும். கடையில இருக்கிறப்ப, வீட்டுல இருக்கிறப்ப, எனக்கு எப்பவுமே என்னமோ குறையுற மாதிரியே இருக்கும். அந்த அஞ்சு நிமிசம் மட்டும் இருக்காது."

ஒச்சம்மா வயலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடையில இருக்கிற கொக்குப் படத்தைத் தலைகீழா மாட்டியிருக்க," என்றாள். "ரெண்டு வருசமாச் சொல்லணும்னு இருந்தேன்."

தவசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "உனக்கு எப்படித் தெரியும்?"

"மேல பறக்குற கொக்குக்கு வயிறு தெரியுது, கீழ இருக்கிறதுக்கு முதுகு தெரியுது. கரையில நிக்கிறவனுக்கு முதுகுதானே தெரியும்? தண்ணிக்குள்ள இருந்து பார்த்தாத்தான் வயிறு தெரியும். வேணும்னே மாட்டியிருக்கியோ, ஏதோ கண்ணேறு கழிக்கவோன்னு விட்டுட்டேன்."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். இத்தனை வருசம் கண்மாயைப் பார்த்த பார்வையில் பாதியைக்கூட இங்கே வைக்கவில்லையே என்று அவனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. பையைக் கழற்றிக் கீழே வைத்தான். முதுகுக்குப் பின்னால் பனி கட்டிக் கலைந்தது, பொன் ஏறி இறங்கியது, ரெண்டு பேரும் திரும்பவில்லை. வெயில் முகத்தில் உறைத்தது.

"திரும்பட்டுமா?" என்றான்.

"நீ நில்லு. நான் பார்க்கிறேன்." ஒச்சம்மா முக்காட்டை விலக்கித் திரும்பினாள். பார்த்தாள். "போயிருச்சுய்யா," என்றாள், பால்காரர் போய்விட்டார் என்பது போல.

தவசி திரும்பினான். வெறும் களிமண். உழுத சாலும், வெடிப்பும், செத்த நத்தையும், அந்தக் கோடிவரைக்கும் வெறும் களிமண். கரடு மட்டும் தன்னந்தனியாக மேலே நின்றது. தவசிக்கு அழுகை வந்தது, அழுதான். அழுது முடிக்கும் வரைக்கும் ஒச்சம்மா பக்கத்திலேயே நின்றாள், அப்புறம் காமிராவை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டு, தானே கண்மாய்க்குள் இறங்கி, ஒரு வெடிப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டுக்கொண்டாள்.

"எடு. அழகா எடுத்த, தொலைச்சுப்புடுவேன்."

தவசி காமிராவைச் சாய்த்துப் பிடித்தான். அவள் தலையில் பாதி வெட்டுப்பட்டது, ஓரத்தில் அவன் கட்டைவிரல் வந்தது, கோடு எங்கேயோ போனது. அந்தப் படத்தைப் பார்த்த நவநீதன், "அதே ஆளா எடுத்தாரு? பாவம், என்ன ஆச்சு அவருக்கு?" என்று விசாரித்துவிட்டு, நீர் இருப்பு இல்லை என்று எழுதி, மறுநாளே மடையைத் திறக்கச் சொன்னார். பழைய படத்தைச் சுவரிலிருந்து எடுக்க மனசு வரவில்லை என்றும் சொல்லியனுப்பினார்.

தண்ணீர் செந்நிறமாக நுரைத்துக்கொண்டு வந்து, வெடிப்புகளுக்குள் ஒரு பகல் முழுக்கக் குடுகுடுவென்று இறங்கி, பிறகு நிரம்பித் தெளிந்தது. நெல் பிழைத்தது. ஆனால் தெளிந்த தண்ணீரில் கரடு விழவில்லை, பனையும் விழவில்லை, வெறும் வானம் மட்டும் கிடந்தது. ஊர் அதையும் பார்த்துக்கொண்டது. "போன மாசம் நிழல் இருந்துச்சு, தண்ணி இல்ல. இப்பத் தண்ணி இருக்கு, நிழல் இல்ல. சேர்த்துப் பார்த்தா எல்லாம் சரியாத்தான் இருக்கு," என்றார் வீரணன். பூசாரி குதிரைகளின் கண்கட்டை அவிழ்த்தார். பொம்பளைகள் சேலையைத் தூக்கிப் பிடிக்க இப்போது நிஜமாகவே காரணம் இருந்தது. தவசி விடியலில் கரைக்குப் போகவில்லை, ஒச்சம்மாவோடு வயலுக்குப் போனான்.

அறுப்பு முடிந்து, அவித்து, காயவைத்து, அரைத்து, புது அரிசி பொங்கிய ராத்திரிக்கு மறுநாள் காலை ஒச்சம்மா பழைய சோற்றுப் பாத்திரத்தைத் தவசிக்கு முன்னால் வைத்தாள். அவன் குனிந்தான். சோற்றுக்கு மேல் நின்ற நீராகாரத்தில், ஓட்டுக்கூரையோ அவன் முகமோ தெரியவில்லை, கூம்புக் கரடு தலைகீழாக நின்றது, உள்ளங்கையளவு, ஒரு பொட்டுக் கருப்பாக, ஏழு பனைகளோடு. அதே காலையில் ஊருக்குள் எல்லா வீட்டுப் பாத்திரத்திலும் அவரவர் வயல் இருந்த திசைக்குத் தக்கபடி ஆளுக்கொரு துண்டு வந்திருந்ததாகவும், வீரணனுக்குப் பனை மட்டும் வந்ததாகவும், அவர் அதை உப்புப் போட்டுக் குடித்துவிட்டதாகவும் பிற்பாடு தெரிந்தது. நவநீதனுக்கு யாரும் எழுதவில்லை.

தவசி பழக்கத்தில் தலையைத் தாழ்த்தினான். பாத்திரத்தை மெதுவாகத் திருப்பி, கோட்டை நட்டநடுவுக்குக் கொண்டுவந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஒரு நூல் ஏறவில்லை, ஒரு நூல் இறங்கவில்லை.

ஒச்சம்மா சின்ன வெங்காயத்தை உரித்துக்கொண்டே நின்றாள். "நல்லா விழுந்திருக்கா?"

"பரவாயில்லாம விழுந்திருக்கு. இங்க வந்து நீயும் பாரு."

அவள் வந்து அவன் தோளுக்கு மேல் குனிந்து பார்த்தாள். "கொக்கைக் காணோமே," என்றாள்.

"வரும்."

"சரி, சாப்பிடு. கடை திறக்க நேரமாச்சு."

தவசி ஐந்து விரலையும் விட்டு, கரடும் பனையும் கோடும் ஒன்றாகக் கலங்கும்படி பிசைந்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னான்.